எந்தப் பட்டினச்சேரி?

காலை ஒன்பதரை மணிக்குள் பூங்கொடி அறுபத்தொரு பெயர்களைக் கண்டுபிடித்துவிட்டாள். அறுபத்திரண்டாவது பெயர் மட்டும் அகப்படவில்லை.

டி.ஆர்.பட்டினம் கடைத்தெருவில் மருந்துக்கடைக்கும் தையற்கடைக்கும் நடுவே இருக்கிறது அவளுடைய கணினி மையம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்குப் புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தருவது ஜூன் மாதத்தில் அவளுக்கு முழுநேர வேலை. விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததோடு கை கழுவுகிறவள் அல்லள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் நீளநோட்டில் எழுதி வைத்திருப்பாள். வரைவுத் தரவரிசைப் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பெயராகத் தேடிப் பிடித்துப் பச்சை மையால் ஒரு குறி இடுவாள். இந்த ஆண்டுப் பட்டியல் முந்தின நாள் மாலைதான் வந்திருந்தது. பிழை இருந்தால் இன்று மாலை ஐந்து மணிக்குள் ஆட்சேபணை தெரிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

குறி விழாத பெயர் ஓவியா. பட்டினச்சேரி மீனவர் தங்கையனின் மூத்த மகள். அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று வாங்கியிருந்தாள். கேட்டிருந்தது வேளாண் பட்டப்படிப்பு. மீன்காரி மகள் ஏர் ஓட்டப் போகிறாளாம் என்று தெருவில் கேலி பேசியதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். அந்த மதிப்பெண்ணுக்குக் காரைக்கால் பட்டியலில் முதல் இருபத்தைந்துக்குள் வந்திருக்க வேண்டும். பெயரைக் கொண்டு தேடிப் பார்த்தாள். எழுத்தை மாற்றித் தேடினாள். விண்ணப்ப எண்ணைக் கொண்டும் தேடினாள். கடைசியாக, இருக்காது என்ற நினைப்போடேதான் பிற மாநிலத்தவர் பட்டியலைத் திறந்தாள்.

சேலத்துப் பையன் ஒருவனுக்கும் பாலக்காட்டுப் பெண் ஒருத்திக்கும் நடுவே ஓவியாவின் பெயர் இருந்தது.

அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டது போக மிச்சம் ஏதாவது இருந்தால்தான் இடம். பூங்கொடி அறிந்தவரை வேளாண் படிப்பில் அப்படி மிச்சம் விழுந்ததில்லை. மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, ஓவியாவின் விண்ணப்பப் படியை எடுத்து வரி வரியாகப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில், சொந்த மாநிலம் என்ற கட்டத்தில், தமிழ்நாடு என்று இருந்தது. அடித்தது அவள் கைதான்.

பூங்கொடிக்கு நாற்பத்து மூன்று வயது. போலகத்தில் வீடு, கணவர் சிவபாலன் தனியார் பேருந்தில் நடத்துநர். இந்த மையத்தைத் தொடங்குவதற்கு முன் பதினொரு ஆண்டு பத்திர எழுத்தர் அம்பலவாணனிடம் தட்டச்சராக இருந்தாள். எல்லை விவரத்தில் கிழக்கு என்பது மேற்கு என்று விழுந்தால் ஒரு குடும்பத்தின் கொல்லை இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடும் தொழில் அது. எழுதி முடித்த எதையும் உரியவருக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதே என்பது அவர் அங்கே வைத்திருந்த ஒரே சட்டம். அதை அவள் மையத்துக்கும் கொண்டுவந்தாள். பெற்றோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களோ இல்லையோ, விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்துக் காட்டி, ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் அனுப்புவாள். இத்தனை ஆண்டுகளில் ஒரு விண்ணப்பம் பிழை என்று திரும்பியதில்லை. பூங்கொடி அக்கா போட்டால் சரியாக இருக்கும் என்று நெரவியிலிருந்தெல்லாம் தேடி வந்தார்கள்.

ஓவியாவின் விண்ணப்பத்தையும் அப்படித்தான் படித்துக் காட்டியிருந்தாள். அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. வரிசையில் பதினேழு பேர். இணையம் நத்தையாக நகர்ந்துகொண்டிருந்தது. ஓவியாவின் தாய் அஞ்சுகம் மீன் விற்றுவிட்டு நேரே வந்திருந்தாள். சொந்த ஊர் எது என்று பூங்கொடி கேட்டாள். பட்டினச்சேரி என்றாள் அஞ்சுகம். அவசரக்காரியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். பூங்கொடி விடவில்லை. பட்டினச்சேரி இரண்டு உண்டு. டி.ஆர்.பட்டினத்தை ஒட்டிய பட்டினச்சேரி காரைக்கால், அதாவது புதுச்சேரி. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகூரை ஒட்டிய பட்டினச்சேரி தமிழ்நாடு. எந்தப் பட்டினச்சேரி என்று திருத்தமாகக் கேட்டாள். நாகூர்ப் பட்டினச்சேரிங்க என்று அஞ்சுகமும் திருத்தமாகச் சொன்னாள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் அதிலும் நாகப்பட்டினம் மாவட்டம். எல்லாம் பொருந்தி வந்தது. தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்ததும் குடியிருப்புச் சான்றிதழ் கேட்கும் பக்கம் திறக்கவே இல்லை. விண்ணப்பம் சீக்கிரமாக முடிந்துவிட்டது. ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருக்க வேண்டியவள், பதினேழு பேர் நிற்கும்போது ஒரு பக்கம் குறைந்ததே என்று மகிழ்ந்துபோனாள்.

தப்பாகச் சொன்னது அந்த அம்மாள்தானே என்று ஒரு நினைப்பு வந்தது. ஆறுதலாகவும் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓவியாவுக்குத் தொலைபேசினாள்.

பத்து நிமிடத்தில் சைக்கிளில் வந்து இறங்கினாள் பெண். விவரத்தைச் சொன்னதும் அழவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மூன்று நாளாகக் கடலில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போன முதல் நடை, கைப்பேசி கிடைக்காது. குடியிருப்புச் சான்றிதழுக்கு மனு கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு இருமுறை வந்தபோதும் வீடு பூட்டியிருந்தது. விண்ணப்பம்தான் அது இல்லாமலே போய்விட்டதே என்று அப்புறம் யாரும் அதைத் துரத்தவில்லை.

“இந்த வரியை அன்னைக்கே பாத்தேங்க்கா,” என்றாள் ஓவியா, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல். “தமிழ்நாடுன்னு இருக்கேன்னு தோணுச்சு. நீங்க போட்டா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்.”

பூங்கொடி கிராம நிர்வாக அலுவலர் புகழேந்தியின் எண்ணைத் தேடினாள்.

அவர் போலகத்தில் சாகுபடிக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். இரண்டு மணிக்குப் பட்டினச்சேரிக்கு வருகிறேன், பெண்ணின் தாய் வீட்டில் இருக்க வேண்டும், இந்தத் தடவையும் பூட்டு தொங்கினால் என்னால் ஒன்றும் எழுத முடியாது என்றார். அவருடைய குரலில் சலிப்பைவிட எச்சரிக்கை கூடுதலாக இருந்தது.

அஞ்சுகத்தின் கைப்பேசி அணைந்திருந்தது. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பேருந்தேறிக் காரைக்காலைத் தாண்டி வரிச்சிக்குடியில் இறங்கித் தெருத் தெருவாக விற்பது அவள் வழக்கம். திரும்ப மூன்று மணி ஆகும். பூங்கொடி மையத்தைப் பூட்டினாள். வேலை நாளில் பகலில் அந்தக் கதவு பூட்டப்பட்டதை மருந்துக்கடைக்காரர் அதிசயமாகப் பார்த்தார். ஓவியாவை வீட்டுக்கு அனுப்பி, பள்ளிச் சான்றுகளையும் குடும்ப அட்டையையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வரிச்சிக்குடியில் எந்தத் தெருவென்று தெரியாது. பேருந்து நிறுத்தத்தில் கேட்டாள். மீன்காரம்மா அப்போதே போய்விட்டது என்றார்கள். கீழத்தெருவில் கேட்டாள், மேலத்தெரு என்றார்கள். மேலத்தெருவில் ஒரு பெண் சட்டியில் மீனை அலசிக்கொண்டிருந்தாள். இப்பத்தான், இந்த முக்குல திரும்பினா என்றாள். அந்த முக்கில் யாரும் இல்லை. மணி பன்னிரண்டரையைத் தாண்டியது. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரமாக, வேலைக்கு வந்த பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில், அலுமினியக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள் அஞ்சுகம்.

விஷயத்தைக் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். மீதியிருந்த காரப்பொடி மீனை அங்கிருந்த பெண்களிடம், காசை நாளைக்கு வாங்கிக்கிறேன் என்று அப்படியே தள்ளினாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வழி நெடுகப் பூங்கொடி அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். கிராம நிர்வாக அலுவலர் என்ன கேட்டாலும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். சொந்த ஊர் எது என்றால் டி.ஆர்.பட்டினம் பட்டினச்சேரி என்று சொல்ல வேண்டும். நாகூர் என்ற பேச்சே வரக்கூடாது. அஞ்சுகம் ஒவ்வொன்றுக்கும் சரிங்க்கா, சரிங்க்கா என்றாள். நெரவி வரும்வரை அவ்வளவுதான். அதன் பிறகு மெல்லக் கேட்டாள்.

“நான் எங்க பொறந்தேன்னு கேட்டா, அதுவும் இங்கன்னுதான் சொல்லணுமா?”

“அது வேண்டாம். அதுக்கு உள்ளதைச் சொல்லுங்க.”

“அப்ப எதுக்கு உள்ளது, எதுக்கு இல்லாதது?”

எதிரே நிலக்கரி லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பூங்கொடிக்கு வண்டியைப் பார்க்கவே சரியாக இருந்தது. அல்லது அப்படி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு பத்துக்குப் புகழேந்தி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப்பையில் இரண்டு பேனா. வாசலிலேயே நாற்காலி போடச் சொன்னார். ஓவியா எடுத்து வைத்திருந்த தாள்களை வாங்கி, ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை பள்ளிச் சான்றுகளைப் புரட்டினார். எல்லாம் டி.ஆர்.பட்டினம். தலையை ஆட்டினார். பிறப்புச் சான்றிதழ் வந்ததும் நிறுத்தினார். பிறகு பூங்கொடியிடம் சேர்க்கை விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அவள் கொடுத்தாள். இரண்டாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

போன ஆண்டு எல்லைக்கு அப்பால் குடியிருந்த ஒரு குடும்பத்துக்கு, இங்கே இருந்த அண்ணன் வீட்டு முகவரியை நம்பிச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தப் பையன் இரண்டு மாநிலத்திலும் சொந்த ஊர்க்காரனாக விண்ணப்பித்தது வெளிவந்தபோது விளக்கம் எழுதிக்கொண்டு நின்றவர் அவர். அதைச் சொல்லிவிட்டு, பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

“பொறந்தது தமிழ்நாடு. விண்ணப்பத்துல நீங்களே தமிழ்நாடுன்னு போட்டிருக்கீங்க. இன்னைக்குக் கடைசி நாள்னு ஆனதும் காரைக்கால்ங்கிறீங்க. நான் எதைம்மா நம்புறது?”

அடுத்த வீட்டுக் கார்முகில் மோட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றான். மூணு மாசக் கைக்குழந்தையா இங்க வந்ததிலேருந்து இவ அழுதுதான் சார் எனக்குத் தூக்கமே போச்சு என்றான். யாரும் சிரிக்கவில்லை. உங்களை அப்புறம் கேட்கிறேன் என்று அவர் அஞ்சுகத்தின் பக்கம் திரும்பினார். பேனாவைத் திறந்தார்.

“சொல்லும்மா. சொந்த ஊரு எது?”

பூங்கொடி அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்தாள். வழியெல்லாம் சொல்லிக் கொடுத்த விடை அங்கே இருந்தது. உதடுவரை வந்துவிட்டது. ஆனால் அஞ்சுகம் அதைச் சொல்லவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள். ஒருமுறை மகளைப் பார்த்தாள்.

“யாருக்குக் கேக்குறீங்க சார்? எனக்கா, எம் பொண்ணுக்கா?”

புகழேந்தியின் பேனா நின்றது.

“எனக்குன்னா நாகூர்ப் பட்டினச்சேரி. எங்க அப்பா வீடு அங்கதான். தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான பாப்பாங்க; இவளை அங்கதான் பெத்தேன். இவளுக்குன்னா இந்த ஊருதான் சார். இவ அப்பாவுக்கும் இதேதான்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்னைக்கு நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். இவங்க மேல ஒண்ணும் இல்லை.”

பூங்கொடிக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று மையத்தில், விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு, மீன்வாசத்தோடு எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்து, சொந்த ஊர் எதுங்க என்று கேட்டவள் அவள். கலியாணமாகி வந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பிறந்த வீட்டைத்தான் சொல்லுவாள். பூங்கொடியைக் கேட்டாலே போலகம் என்று வராது. திருமருகல் என்றுதான் வரும். எந்தப் பட்டினச்சேரி என்று இரண்டாம் முறை கேட்டபோதும், யாருடைய ஊர் என்று கேட்கவில்லை. காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த ஆறுதல் கையை விட்டுப் போயிற்று.

“சார்,” என்றாள். “அவங்க சரியாத்தான் சொன்னாங்க. நான் கேட்டதுதான் தப்பு.”

புகழேந்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். “எழுதிக் கொடுப்பீங்களா?”

“கொடுக்கிறேன்.”

“நல்லா யோசிச்சுக்குங்க. இது கோப்புல இருக்கும். நாளைக்கு உங்க மையத்தோட அனுமதியைப் புதுப்பிக்கப் போறப்ப யாராவது எடுத்து வச்சுக் கேப்பாங்க.”

அவள் ஏற்கெனவே தாளை எடுத்துவிட்டிருந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் நோட்டை வைத்து எழுதினாள். அம்பலவாணனிடம் பழகிய நடை தானாக வந்தது. மேற்படி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தபோது விண்ணப்பதாரரின் சொந்த மாநிலத்தைக் கேட்க வேண்டிய இடத்தில் அவருடைய தாயாரின் சொந்த ஊரைக் கேட்டுப் பதிந்தது என் பிழையே என்றும், இதில் விண்ணப்பதாரருக்கோ அவருடைய தாயாருக்கோ யாதொரு பங்கும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு, வழக்கப்படி, அஞ்சுகத்துக்கும் ஓவியாவுக்கும் முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். குரல் ஓரிடத்தில் தடுக்கியது. திரும்பவும் அந்த வரியின் தொடக்கத்திலிருந்து படித்தாள்.

புகழேந்தி அண்டை வீட்டார் இருவரை விசாரித்து, பரிந்துரை எழுதி முடிக்கும்போது மூன்று ஐந்து. அவருடைய வண்டியைத் தொடர்ந்து, ஓவியாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, பூங்கொடி காரைக்கால் தாலுகா அலுவலகத்துக்குப் போனாள். வருவாய் ஆய்வாளர் உடனே பார்த்துவிட்டார். தாசில்தார் கூட்டத்தில் இருந்தார். மூன்றே முக்கால். நான்கு. மாடிப்படியில் யார் இறங்கினாலும் ஓவியா எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்தாள். நான்கு பத்துக்கு அவர் வந்தார். பரிந்துரையைப் படித்தார், பூங்கொடியின் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவள் முகத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். எதுவும் கேட்காமல் கையெழுத்திட்டார்.

மையத்தின் கதவைத் திறக்கும்போது நாலு முப்பத்தெட்டு. வாசலில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் ஒன்றும் சொல்ல நேரமில்லை. சான்றிதழை ஸ்கேனரில் வைத்தாள். படம் கோணலாக விழுந்தது. மறுபடி வைத்தாள். ஆட்சேபணைப் பக்கம் திறந்தது. விண்ணப்ப எண்ணை அடித்தாள். தவறு என்று சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும் சிவப்பு.

நாற்காலியை விட்டு எழுந்தாள். “நீ உக்காரு,” என்றாள் ஓவியாவிடம்.

ஓவியா உட்கார்ந்தாள். எண்ணை ஒவ்வொன்றாக, உதடு அசைய அடித்தாள். பக்கம் ஏற்றுக்கொண்டது. சொந்த மாநிலம் என்ற கட்டம் வந்ததும் கை நின்றது. பிறகு யாரும் சொல்லாமலே புதுச்சேரி என்று தேர்ந்தெடுத்தாள். அதன் கீழே பிராந்தியம் என்று ஒரு புதிய கட்டம் திறந்தது. காரைக்கால் என்று தேர்ந்தெடுத்தாள். உடனே, அன்று திறக்காத பக்கம் திறந்து, குடியிருப்புச் சான்றிதழை இணைக்கச் சொன்னது. இணைத்தாள். அனுப்பு என்ற பொத்தானை அழுத்துமுன் திரும்பிப் பார்த்தாள்.

“படிச்சுக் காட்டவாக்கா?”

மணி நாலு ஐம்பது. பூங்கொடி தலையாட்டினாள். ஓவியா முதல் வரியிலிருந்து படித்தாள். கடைசி வரி முடிந்ததும் அழுத்தினாள். திரையில் வட்டம் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. காத்திருந்த இரண்டு பேரும் உள்ளே வந்து பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு ஐம்பத்து மூன்றுக்கு ஒப்புகை எண் வந்தது.

இறுதிப் பட்டியல் ஆறு நாள் கழித்து வந்தது. காரைக்கால் பிராந்தியத்தில் பத்தொன்பதாவது பெயர் ஓவியா. பூங்கொடி எண்ணைச் சரிபார்த்து, தகப்பன் பெயரைச் சரிபார்த்து, நீளநோட்டில் அறுபத்திரண்டாவது பச்சைக் குறியை இட்டாள். அதே வாரத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதமும் வந்தது. மையத்தில் நடந்த பிழைக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். பட்டினச்சேரி வாசலில் எழுதிய அதே வாசகத்தைச் சொல் மாறாமல் தட்டச்சு செய்து அன்றைக்கே அனுப்பினாள். அதற்கு இன்னும் பதில் வரவில்லை. அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் செப்டம்பர்.

கலைக் கல்லூரிக்கான விண்ணப்பங்கள் நடந்துகொண்டிருந்தன. விளக்கம் அனுப்பிய மறுநாள் நுஸ்ரத் என்ற பெண் தன் தாய் ஆரிபாவோடு வந்தாள். பூங்கொடி விசைப்பலகையைப் பெண்ணின் பக்கம் தள்ளி, திரையையும் திருப்பி வைத்து, நாற்காலியைப் பக்கவாட்டில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆரிபாவுக்கு அது பிடிக்கவில்லை. அது சின்னப் பிள்ளை, ஏதாவது தப்பாக அடித்துவிடும் என்றாள்.

“நீங்களே போட்டுடுங்களேம்மா. நீங்க போட்டா சரியா இருக்கும்னுதான இவ்வளவு தூரம் வந்தோம்.”

“அதுக்காகத்தாங்க வேணாங்கிறேன்,” என்றாள் பூங்கொடி.

நுஸ்ரத் முதல் கட்டத்தில் தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.